அரசு பஸ்ஸுக்கு இன்சூரன்ஸ் இல்லை. நஷ்டஈடு யார் தருவது?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தில்லிக் குடியிருப்பில் வசிக்கும் ஒரு சகோதரி கையில் ஒரு காகிதக் கட்டுடன் வீட்டுக்கு வந்தார். அவர் கணவர் விடுமுறையில் கும்பகோணம் பக்கத்துச் சொந்த ஊருக்குப் போனபோது அரசு பஸ் ஒன்று மோதி இறந்துவிட்டார். இரண்டு பிள்ளைகள், வயதான மாமியாரும் இவர்களோடுதான் இருக்கிறார். காரியங்கள் முடித்துத் தில்லி திரும்பி நான்கு மாதம் ஆகியிருந்தது.

"அண்ணா, பஸ்ஸுக்கு இன்சூரன்ஸே கிடையாதாம். அதனால ஒண்ணும் வராதுன்னு ஊர்ல சொல்லிட்டாங்க. கேஸ் போட்டாலும் வாய்தாவுக்கு வாய்தா கும்பகோணம் போகணுமாம். ரெண்டு பிள்ளைகளையும் வெச்சுக்கிட்டு நான் எங்க அலையறது? விட்டுடலாம்னு இருக்கேன்" என்றார்.

நான் மத்திய அரசில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவர் கேட்டதில் பாதி உண்மை, பாதி தவறு என்பது எனக்குத் தெரியும். அந்தத் தவறான பாதியை நம்பி எத்தனை குடும்பங்கள் தங்களுக்கு உரியதைக் கைவிட்டனவோ! அதனால்தான் இந்தக் கட்டுரை.

அரசு ஏன் இன்சூர் செய்வதில்லை?

மத்திய அரசின் நிதி விதிகளில் ஒரு கொள்கை உண்டு. அரசின் அசையும் சொத்தையும் அசையாச் சொத்தையும் பொதுவாக இன்சூர் செய்வதில்லை. நிதி அமைச்சகத்தின் சம்மதமின்றி எந்த ஆபீஸும் அதற்காகச் செலவு செய்யக் கூடாது.

காரணம் எளிய கணக்குத்தான். ஆயிரம் கட்டடங்களில் ஒன்று ஆண்டுதோறும் தீப்பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கும் எனக்கும் இருப்பது ஒரே வீடு. அது எரிந்தால் வாழ்நாள் சேமிப்பே போய்விடும். ஆகவே நாம் பிரீமியம் கட்டி அந்த பயத்தைக் கம்பெனியிடம் ஒப்படைக்கிறோம். பத்தாயிரம் கட்டடம் வைத்திருப்பவருக்கோ ஆண்டுக்குப் பத்து எரியும் என்று முன்கூட்டியே தெரியும். கம்பெனிக்குப் பிரீமியம் கட்டினால் அந்தப் பத்துக் கட்டடத்தின் விலையோடு கம்பெனியின் செலவையும் லாபத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதைவிட நஷ்டம் வரும்போது தானே ஏற்பது மலிவு. அதாவது அரசு தனக்குத் தானே இன்சூரன்ஸ் கம்பெனி.

தன் சொத்தை இன்சூர் செய்யாத இதே அரசு, தன் ஊழியரை இன்சூர் செய்ய 1884-லேயே தபால் துறையில் ஆயுள் இன்சூரன்ஸ் தொடங்கியது. கர்நாடக அரசு தன் வண்டிகளை இன்சூர் செய்யத் தனக்கென்று ஒரு இன்சூரன்ஸ் துறையே வைத்திருக்கிறது.

வண்டிகளுக்கு வருவோம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு, எந்த வண்டியும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டுக்கு வரக் கூடாது என்கிறது. ஆனால் வியாபாரத் தொடர்பில்லாத வேலைக்குப் பயன்படும் அரசு வண்டிகளுக்கு அதே பிரிவு விலக்குத் தருகிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் விலக்குத் தரலாம். ஆனால் விபத்து நஷ்டஈட்டுக்கென்று ஒரு நிதியை அந்தக் கழகம் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இந்த நிபந்தனைதான் நமக்கு முக்கியம். இன்சூரன்ஸிலிருந்து விலக்கு உண்டு. நஷ்டஈட்டிலிருந்து விலக்குக் கிடையாது. கம்பெனி தர வேண்டியதைக் கழகமே தன் கையிலிருந்து தர வேண்டும்.

இது புதிய சட்டமும் அல்ல. ராஜஸ்தானில் ஒரு கலெக்டரின் ஜீப்பை ஒர்க்ஷாப்பிலிருந்து திரும்ப ஓட்டி வந்த அரசு டிரைவர் ஒருவர் மீது மோதினார், அவர் இறந்துபோனார். டிரைவரின் தவறுக்கு அரசு பொறுப்பல்ல என்று வாதம் நடந்தது. அரசு நஷ்டஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1962-ல் தீர்ப்பளித்தது.

எங்கே, எப்போது மனுச் செய்வது?

அந்தச் சகோதரியின் பெரிய பயம் கும்பகோணத்துக்கு அலைவது பற்றி. வெளிமாநிலத்தில் வாழும் நாம் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது இது. மோட்டார் விபத்து நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் ஊரிலோ தொழில் செய்யும் ஊரிலோ உள்ள டிரிப்யூனலிலும் போடலாம் என்று 166-வது பிரிவு சொல்கிறது. தில்லிவாசி தில்லியிலும் மும்பைவாசி மும்பையிலும் போடலாம்.

ஆனால் காலம் கடத்தக் கூடாது. 2019-ல் வந்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று அது வைத்திருக்கிறது. தாமதமாக வந்த மனுக்களைப் பற்றி நீதிமன்றங்களில் வாதம் நடக்கலாம்; நாம் அந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ள வேண்டாம். சகோதரிக்கு மீதம் இருந்தது இரண்டே மாதம்.

எவ்வளவு கிடைக்கும்?

இரண்டு வழி உண்டு. டிரைவரின் தவறை நிரூபிக்க வேண்டாத வழியில் இறப்புக்கு 5 லட்சம், கடுங்காயத்துக்கு 2.5 லட்சம். தவறை நிரூபித்தால் வருமானத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். எந்த வழி என்பதை வக்கீலோடு யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது வழிக்கு உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் தந்த தீர்ப்புகளின்படி ஒரு மாதிரிக் கணக்கு: இறந்தவருக்கு வயது 42, தனியார் கம்பெனியில் மாதம் 30,000 ரூபாய் நிலைச் சம்பளம், நம்பியிருந்தவர் நால்வர். ஆண்டு வருமானம் 3,60,000. எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் சேர்த்தால் 4,50,000. அவருடைய சொந்தச் செலவு என்று நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 3,37,500. அந்த வயதுக்கு உரிய பெருக்கு எண் 14. ஆக 47,25,000 ரூபாய். ஈமச் செலவு முதலிய சிறு தொகைகள் தனி. வழக்கின் சாட்சியத்தைப் பொறுத்து இது கூடலாம், குறையலாம். ஆனால் "ஒண்ணும் வராது" என்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்!

செய்ய வேண்டியவை:

1. பஸ்ஸின் பதிவு எண், டிப்போ பெயர், எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, சம்பளச் சான்று, வயதுச் சான்று ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

2. இன்சூரன்ஸ் இல்லாததால் மனுவில் வண்டியின் உரிமையாளரை, அதாவது கழகத்தை அல்லது இலாகாவை, எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும்.

3. "உடனே பணம்" என்று யார் சொன்னாலும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சமரசம் வேண்டுமானால் லோக் அதாலத் இருக்கிறது.

4. கிடைப்பதில் பங்கு கேட்கும் வக்கீலிடம் போகாதீர்கள். பார் கவுன்சில் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் கேளுங்கள்.

5. தீர்ப்பு வந்தும் பணம் தராவிட்டால் நிறைவேற்று மனுப் போடலாம். நஷ்டஈடு தராத கழகத்தின் பஸ்ஸை நீதிமன்ற ஊழியர்கள் பஸ் நிலையத்திலேயே ஜப்தி செய்த செய்தியைத் தமிழ்ப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

ரயிலில் போகும் நமக்கு

ரயில்வேயும் அரசுதான். ரயில் விபத்திலோ ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்தோ பயணி இறந்தால் 8 லட்சம் ரூபாய் என்பது 2017 ஜனவரி 1 முதல் உள்ள விகிதம். ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனலில் ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். உடலருகே டிக்கெட் கிடைக்கவில்லை என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது ஒரு ரூபாய்க்கும் குறைவாகக் கேட்கும் இன்சூரன்ஸ் இதிலிருந்து வேறு. அது கம்பெனி தருவது. இறப்புக்கு 10 லட்சம் வரை. அதற்குச் சம்மதம் தந்தால் மட்டும் போதாது. பிறகு வரும் செய்தியில் உள்ள இணைப்புக்குப் போய் வாரிசுதாரர் பெயரையும் பதியுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு குறை

தானே இன்சூரர் என்ற ஏற்பாட்டில் ஒரு பெரிய குறை உண்டு. கம்பெனி பாலிசி தருமுன் ஆள் அனுப்பி, ஒயரிங் சரியா, தீயணைக்கும் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்கும். சரியில்லாவிட்டால் பிரீமியம் ஏறும். அரசு ஆபீஸை அப்படி வந்து கேட்க வெளியார் இல்லை. 2016 ஏப்ரல் 26 அதிகாலையில் நம் மண்டி ஹவுஸ் அருகே இருந்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நம் பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்துப் போய்க் காட்டிய இடம் அது. எந்தப் பணமும் அந்தச் சேகரிப்பைத் திருப்பித் தராது. நஷ்டத்தை ஏற்பது ஒரு வேலை; நஷ்டம் வராமல் காப்பது அதைவிடப் பெரிய வேலை.

இதில் நம் வீட்டுக்கும் பாடம் இருக்கிறது. சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடியிருப்போர், கட்டடம் அரசுடையது என்று நிம்மதியாக இருக்கிறோம். உள்ளே இருக்கும் பீரோவும் பிரிட்ஜும் நம்முடையவை. அவற்றுக்குத் தனி பாலிசி வேண்டும். சங்கத்தின் சார்பில் சுற்றுலாவுக்கு வாடகை பஸ் அமர்த்தும்போது அதன் இன்சூரன்ஸ் தேதியைப் பார்த்துவிட்டே ஏறுவோம். பத்தாயிரம் கட்டடம் வைத்திருப்பவர் செய்வதை ஒரே வீடு வைத்திருப்பவர் செய்ய முடியாது.

அந்தச் சகோதரி ஐந்தாம் மாதம் முடிவதற்குள் தில்லியிலேயே மனுப் போட்டுவிட்டார். சட்ட உதவியில் ஒரு வக்கீலும் கிடைத்தார். வழக்கு நடக்கிறது. சென்ற வாய்தாவுக்குக் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் போய், அவர்கள் வீடு திரும்புமுன் வந்துவிட்டதாகச் சொன்னார்.