ரயருக்குள் ஊற்றும் திரவம்: வாங்கலாமா, வேண்டாமா?



குடியிருப்பது ஓரிடம், வயல் இருப்பது வேறோரிடம் என்ற நிலை இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் புதிதன்று. கல்லடிப் பக்கத்தில் இருந்துகொண்டு படுவான்கரையில் வேளாண்மை செய்பவர், விடியுமுன் கல்லடிப் பாலத்தையும் வலையிறவுப் பாலத்தையும் கடந்து போகிறார். தெற்கே உள்ளவர் 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தால் போகிறார். முன்பு வளவின் கோடியில் இருந்த வயல் இன்று பல கட்டைகளுக்கு அப்பால். ஆகவே மண்வெட்டியைப் போலவே சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் இன்று விவசாயியின் கருவிகள்தான்.

அண்மையில் ஒருவர் என்னிடம் ஒரு போத்தலைக் கொண்டுவந்தார். "பாதர், இதை ரயருக்குள் ஊற்றினால் இனி முள்ளுக்கும் ஆணிக்கும் காற்றுப் போகாதாம். வாங்கட்டுமா?" என்று கேட்டார். அதற்கு முந்திய வாரம், யானை நடமாடும் பாதையில், பொழுதுபட்ட பின் காற்றுப்போன சைக்கிளை இரண்டு மணித்தியாலம் உருட்டி வந்தவர் அவர். அவருடைய கேள்வி பலருடைய கேள்வி என்பதால் விடையை இங்கு விரிவாகத் தருகிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது?

வரம்பில் நண்டு வளை விழுந்து தண்ணீர் ஒழுகினால் என்ன செய்கிறோம்? வைக்கோலை மட்டும் வைத்தால் தண்ணீர் ஊடுருவும். சேற்றை மட்டும் வைத்தால் கரைந்துபோகும். இரண்டையும் சேர்த்து அடைத்தால் நிற்கும். அடைப்புத் திரவமும் இவ்வாறே செயற்படுகிறது. அந்தப் பாகு போன்ற திரவத்தில் நுண்ணிய நார்களும் ரப்பர்த் துகள்களும் மிதக்கின்றன. சில்லு சுழலும்போது திரவம் ரயரின் உட்புறம் முழுவதும் பூசப்படுகிறது. துளை விழுந்ததும் வெளியே பாயும் காற்று திரவத்தைத் துளைக்குள் தள்ளுகிறது. நார்கள் குறுக்கே சிக்க, துகள்கள் இடைவெளியை நிரப்புகின்றன.

இன்னொரு வகை ரப்பர் பாலால் ஆனது. இரப்பர் மரம் 1876இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடைக்கு வந்த காலம் முதல், ரப்பர் பால் காற்றுப்பட்டு உறைவதை நம் நாட்டார் அறிவர். அதே குணம்தான் இங்கும் துளையை மூடுகிறது. போத்தலில் உறையாதிருக்க அமோனியா போன்ற மருந்து சேர்ப்பார்கள். இவ்வகை சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துவிடும். எமது வெயிலில் இன்னும் விரைவாகக் காயும். நார் கலந்த பாகு வகை ஈரமாக நெடுநாள் இருக்கும். ஏறத்தாழ இரண்டு ஆண்டு என்று செய்பவர்கள் சொல்வதுண்டு.

எதை அடைக்கும், எதை அடைக்காது?

தரையில் படும் பாகத்தில் விழும் சிறு துளைகளை இது அடைக்கும். நெருஞ்சி முள் இதற்கு நல்ல உதாரணம். எமது மணற் பாதைகளில் கிடக்கும் இந்த முள் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் சைக்கிள்காரரின் எதிரி. அங்கே அச்செடிக்கு வைத்த பெயரே 'பஞ்சர் கொடி' என்று பொருள்படுவது. இத்தகைய முள் குத்திய துளைக்குத் திரவம் நன்றாக உதவும்.

பொதுவாக, ரியூப் உள்ள சில்லில் 3 மில்லிமீற்றர் வரையான துளையையும், ரியூப் இல்லாத ரயரில் 6 மில்லிமீற்றர் வரையான துளையையும் அடைக்கும் என்று கொள்ளலாம். ரயரின் பக்கவாட்டில் விழும் வெட்டு, வால்வு வழியான கசிவு, பழைய ஒட்டு விடுதல், பாரம் ஏற்றிய சைக்கிள் பள்ளத்தில் இடித்து றிம்முக்கும் கல்லுக்கும் இடையே ரியூப் நசுங்குதல் ஆகியவற்றுக்கு இது மருந்தாகாது. வரம்பு ஒரு முழம் உடைந்தபின் கைப்பிடி வைக்கோல் என்ன செய்யும்?

ரியூப் உள்ள சில்லில் இன்னொரு தொல்லை உண்டு. ஆணி ரயரில் தைத்தபடியே இருக்க, ரியூப் உள்ளே சற்று அசைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஆணி ரியூபைக் கிழித்துத் துளையைப் பெரிதாக்குகிறது. காற்று இறங்காததால் ஓட்டுபவர் அதை அறிவதில்லை. திரவம் துளையை மறைக்கிறதேயன்றி முள்ளை எடுப்பதில்லை.

எந்த வண்டிக்குப் பொருந்தும்?

ரியூப் இல்லாத ரயர் பூட்டிய மோட்டார் சைக்கிளுக்கு இது மிகப் பொருத்தம். உங்கள் ரயர் அவ்வகையா என்பது அதன் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். கம்பிச் சில்லு உள்ளவற்றில் பெரும்பாலும் ரியூப் இருக்கும். எனினும் திரவம் நின்றதென்று விட்டுவிடாமல், கராஜில் காட்டி நிரந்தரமாக ஒட்டிக்கொள்ள வேண்டும்.

சைக்கிளுக்குப் பாதிப் பயன். நல்ல ரயரும் நல்ல ரியூபும் உள்ள, முட்பாதையில் நாள்தோறும் ஓடும் சைக்கிளுக்கு ஊற்றலாம். பல ஒட்டுக்கள் விழுந்த ரியூபுக்கு வேண்டாம். பழைய ஆடையில் புதுத் துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் இன்னும் பெரிதாகும் என்று ஆண்டவர் இயேசு சொன்னதை நினைவில் கொள்ளுங்கள். என்னிடம் வந்தவரின் பின் ரயரில் நூல் தெரிந்தது. அவருக்கு வேண்டியது புது ரயர், போத்தல் அன்று.

லாண்ட்மாஸ்டருக்கும் பெட்டிக்கும் பயன் குறைவு. மெதுவாகச் சுழலும் சில்லில் திரவம் பரவாமல் அடியில் தேங்கும். பெரிய ரியூபுக்குத் தேவைப்படும் அளவும் அதிகம், செலவும் அதிகம்.

கணக்குப் பாருங்கள்

விலை இடத்துக்கிடம் மாறும். ஆகவே இப்படிக் கணக்கிடுங்கள். ஒரு சில்லுக்கு ஊற்றும் திரவத்தின் விலை எத்தனை ஒட்டுக் கூலிக்குச் சமம்? ஆறு ஒட்டுக்குச் சமம் என்று வைப்போம். அத்திரவம் உயிரோடிருக்கும் காலத்தில் அச்சில்லுக்கு ஆறு தடவைக்கு மேல் முள் குத்துமானால் இலாபம். இரண்டு தடவைதான் குத்துமானால் நட்டம். கூலியோடு, பால் சேகரிப்பு நிலையத்துக்குப் பிந்திப் போய்ப் பால் திரும்பிய நாளையும், சந்தை தவறிய நாளையும் சேர்த்து எண்ணுங்கள். பாரம் தாங்கும் பின் சில்லுக்கு மட்டும் ஊற்றினாலும் செலவு பாதியாகும்.

ஊற்றுவதானால்

1. முதலில் ரயரின் உட்புறத்தைத் துணியால் தடவி, தைத்திருக்கும் முட்களை எல்லாம் எடுத்துவிடுங்கள்.

2. வால்வின் உட்பாகத்தைக் கழற்றி, அதன் வழியே ஊற்றுங்கள். சைக்கிள் ரியூப் ஒன்றுக்கு ஏறக்குறைய 120 மில்லிலீற்றர் போதும். மற்ற வண்டிகளுக்குப் போத்தலில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள்.

3. காற்றடித்து, உடனே சிறிது தூரம் ஓடுங்கள். பின்னர் காற்றடிக்கும் போதெல்லாம் வால்வை மேற்புறமாக வையுங்கள். இல்லாவிடின் திரவம் வால்வை அடைக்கும்.

4. ஒட்டுபவரிடம் உள்ளே திரவம் இருப்பதைச் சொல்லுங்கள். ஈரத்தின் மேல் ஒட்டு நிற்காது. நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும். தகர டப்பாவிலிருந்து நுரையாக அடிக்கும் வகைகள் சிலவற்றில் தீப்பற்றும் வாயு இருப்பதால், அவற்றை வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்கக் கூடாது.

5. பாகு வகைகள் சிலவற்றில் எதிலீன் கிளைக்கோல் உண்டு. இது இனிப்பான நஞ்சு. பிள்ளைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாமல் வையுங்கள். வெறும் போத்தலைத் தண்ணீருக்குப் பாவிக்க வேண்டாம்.

கையில் காசு இல்லாதவர் செய்யக்கூடியவை

பழைய ரியூபை நீளமாக வெட்டி, ரயருக்கும் ரியூபுக்கும் இடையே படுக்கையாக வையுங்கள். ஓரங்கள் மடியாமல் இருக்கட்டும். செலவில்லாத இக்காப்பு அநேக முட்களைத் தடுக்கும். வாரம் ஒருமுறை காற்றைச் சரிபாருங்கள். காற்றுக் குறைந்த ரயரே எளிதில் நசுங்கிச் சேதப்படும்.

ஒட்டுப் போடவும் பழகுங்கள். துளையைச் சுற்றி நன்கு உரஞ்சி, சொலூசனை மெல்லியதாகப் பூசி, கையில் ஒட்டாத அளவுக்கு அது காயும்வரை பொறுத்து, அதன்பின் ஒட்டை வைத்து அழுத்துங்கள். காயுமுன் ஒட்டுவதால்தான் பல ஒட்டுக்கள் விடுகின்றன. இதைப் பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும் கற்றுக்கொள்ளட்டும். தனியே வாங்க முடியாவிடில், ஒரே கண்டத்தில் வயல் செய்யும் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்தோ, கமக்காரர் அமைப்பின் மூலமோ, ஒரு பம்பும் ஓர் ஒட்டுப் பெட்டியும் வாங்கி வாடியில் வைக்கலாம்.

முடிவாகச் சொல்வது இதுதான். நல்ல ரயருக்குத் திரவம் துணை செய்யும். கெட்ட ரயருக்கு அது பொய் நம்பிக்கை. போத்தலை நம்பிப் பம்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவரே பொழுதுபட்டபின் வழியில் நிற்பார். என்னிடம் வந்தவர் போத்தலை வாங்கவில்லை. அந்தப் பணத்தோடு இன்னும் சிறிது சேர்த்து ஒரு பின் ரயர் வாங்கினார். பழைய ரியூபை வெட்டி உள்ளே வைத்தார். இப்போது பொழுதுபடுமுன் வீடு வந்து சேர்கிறார். உங்கள் வீட்டாரும் அவ்வாறே வந்து சேர இறைவன் துணைபுரிவாராக.