நரி வளைக்காக வளர்ந்த நாய்

ஜாக் ரஸ்ஸல் டெரியர் 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரமும் ஐந்தாறு கிலோ எடையும் உள்ள சிறிய நாய். உடம்பில் வெள்ளைதான் மிகுதி; தலையிலும் வால் அடியிலும் கறுப்போ செம்பழுப்போ திட்டுகளாக இருக்கும். காது முன்பக்கம் மடிந்து தொங்கும். பார்த்தால் மடியில் வைத்துக் கொஞ்சத் தோன்றும். ஆனால் மண்ணுக்கடியில் வேலை செய்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பெருக்கப்பட்ட இனம் இது. வளர்ப்பவர்களைத் திணறடிக்கும் குணங்கள் எல்லாம் அந்த வேலையிலிருந்து வந்தவை.

இனத்துக்குப் பெயர் தந்த ஜான் ரஸ்ஸல் (1795–1883) இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பாதிரியாராக இருந்தவர். பிரசங்கத்தைவிட நரிவேட்டையில்தான் அவர் பெயர் பெரிதாகப் பேசப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்த காலத்தில், 1819இல், ஒரு பால்காரரிடமிருந்து டிரம்ப் என்ற பெட்டை நாயை வாங்கினார் என்றும், இந்த வம்சமே அதிலிருந்துதான் தொடங்கியது என்றும் சொல்வார்கள். பிரிட்டனில் கென்னல் கிளப் 1873இல் தொடங்கிவிட்டாலும், அது ஜாக் ரஸ்ஸலைத் தனி இனமாக ஏற்றது 2016இல்தான். நெடுங்காலம் இது அழகுக்காக அல்லாமல் வேலைக்காகவே வளர்க்கப்பட்டது என்பது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

அந்தக் கால நரிவேட்டையில் பெரிய நாய்கள் துரத்த, நரி வளைக்குள் புகுந்துகொள்ளும். அதன் பின்னே போக இந்தச் சின்ன நாயால்தான் முடியும். இருட்டில், ஒடுங்கிய மண் சுரங்கத்தில், எஜமானின் குரல் எட்டாத இடத்தில் நரியை நேருக்கு நேர் நின்று ஓயாமல் குரைத்து வெளியே கிளப்ப வேண்டும், கொன்றுவிடக் கூடாது. கொன்றால் வேட்டையும் முடிந்துவிடும். மேலே நிற்பவர்கள் குரைப்பு வரும் இடத்தை வைத்துத்தான் எங்கே தோண்டுவது என்று முடிவு செய்வார்கள். மார்பு பெருத்த நாய் வளையில் சிக்கிக்கொள்ளும். அதனால் முன்னங்கால்களுக்குப் பின்னால் இரு கைகளாலும் மார்பை வளைத்துப் பிடித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. கட்டைவிரல்கள் முதுகின் மேலும் மற்ற விரல்கள் மார்பின் கீழும் ஒன்றையொன்று தொட வேண்டும். வெள்ளை நிறத்தை விரும்பியதற்கும் காரணம் இருக்கிறது: புதரிலிருந்து வெளிவருவது நரியா நாயா என்று குழம்பக் கூடாது.

இப்படிப் பழகிய நாய், கட்டளைக்குக் காத்திருக்காமல் தானே முடிவெடுக்கும். இதைப் பிடிவாதம் என்று வீட்டில் குறைசொல்கிறோம். தோட்டத்தைத் தோண்டுவதும், கதவுமணிக்குக் குரைத்துத் தீர்ப்பதும், பூனை, அணில், எலி எது ஓடினாலும் பின்னால் பாய்வதும் அதே கதைதான். முயலோ வெள்ளெலியோ வளர்க்கும் வீட்டுக்கு இது பொருந்தாது. தன் உருவம் சிறியது என்ற நினைப்பே இதற்குக் கிடையாது. தன்னைப்போல் ஐந்து மடங்கு பெரிய நாயையும் வம்புக்கு இழுக்கும். வீட்டு மனிதர்களிடம் மிகுந்த பாசம் காட்டும் என்றாலும், வாலைப் பிடித்து இழுக்கும் குழந்தையிடம் பொறுமை காட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

தினம் ஒரு மணி நேரமாவது ஓட்டமும் நடையும் வேண்டும். அது மட்டும் போதாது, மூளைக்கும் தீனி வேண்டும். உணவைக் கிண்ணத்தில் கொட்டாமல், கசக்கிய காகிதம் நிரப்பிய அட்டைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தால் மோப்பம் பிடித்துத் தேடித் தின்னும். அந்தக் கால் மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். ஒரு மூலையில் மணல் கொட்டித் தோண்ட விட்டால் பூச்செடிகள் பிழைக்கும். பயிற்சியை ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்வது நல்லது. அதட்டலைவிடத் தின்பண்டத்துக்கே இது மசியும். வேலியில்லாத வெளியில் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. வேலி இருந்தாலும் அடியில் கம்பிவலையை மண்ணுக்குள் இறக்கிப் பதிக்காவிட்டால் ஒரே நாளில் வழி செய்துகொள்ளும்.

ரோமத்துக்குப் பெரிய பராமரிப்பு இல்லை. வழுவழுப்பானது, சொரசொரப்பானது, இரண்டுக்கும் இடைப்பட்டது என மூன்று வகை, எல்லாமே உதிரும். வாரம் ஒருமுறை சீவினால் போதும். சொரசொரப்பான வகையில் முற்றிய முடியைக் கையால் பறித்தெடுப்பார்கள். சிறு நாய்களுக்குப் பல் நோய் எளிதில் வரும் என்பதால் பல் துலக்கும் பழக்கத்தைக் குட்டியிலேயே தொடங்க வேண்டும்.

பிரிட்டனில் 30,000க்கும் மேற்பட்ட நாய்களின் இறப்புப் பதிவுகளை வைத்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில், ஒப்பிட்ட 18 இனங்களில் ஜாக் ரஸ்ஸலுக்கே அதிக ஆயுள்: சராசரி 12.7 ஆண்டுகள். நோயே வராது என்று பொருள் அல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போது பின்கால் ஒன்றை மடக்கித் தூக்கி, இரண்டு மூன்று எட்டு நொண்டியடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மறுபடி ஓடும். பலர் இதை விளையாட்டு என்று சிரித்துவிடுகிறார்கள். முழங்கால் சில்லு இடம் விலகித் திரும்பப் பொருந்துவதால் வரும் நொண்டல் இது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். நடுவயதில் கண்ணின் லென்ஸ் இடம்பெயரும் பரம்பரை நோயும் உண்டு. கண் சிவந்து, கருவிழி மங்கி, நாய் கண்ணைச் சுருக்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; தாமதித்தால் பார்வை போய்விடும். இதற்கு மரபணுச் சோதனை இருக்கிறது. குட்டி வாங்குபவர்கள் தாய் தந்தை இரண்டின் சோதனை முடிவையும் கேட்டுப் பார்க்கலாம். வெள்ளை மிகுந்த இனங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை வருவதுண்டு என்பதால் குட்டியின் காதையும் சோதிப்பது நல்லது.