சாக்கு ஒன்று, பிழைப்பு இரண்டு!

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல் பிடிக்கும் சணல் சாக்குக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. மத்திய அரசு 1987-ல் கொண்டுவந்த இந்தச் சட்டத்தின் கீழ், உணவு தானியம் முழுவதையும், சர்க்கரையில் 20 சதவிகிதத்தையும் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும். கொல்கத்தாவில் உள்ள சணல் ஆணையர் அலுவலகம் மூலமாக ஆலைகளுக்கு ஆர்டர் போகிறது. மேற்கு வங்கம், பீகார், அசாம் மாநிலங்களில் சணல் பயிரிடும் லட்சக்கணக்கான விவசாயிகளுக்கு இந்த ஆர்டர்தான் சந்தை.

சாக்கு தட்டுப்பட்டால் பிளாஸ்டிக் சாக்குக்கு அரசு விலக்கு கொடுக்கிறது. அந்த அளவுக்கு அங்கே சணலுக்குத் தேவை குறைகிறது. சாக்கு வந்து சேரும்வரை இங்கே நெல் களத்தில் கிடந்து மழையில் நனைகிறது. அறுவடைக்கு முன்பே கணக்குப் போட்டு ஆர்டர் கொடுத்தால், இரண்டு பக்க விவசாயிகளும் பிழைப்பார்கள்.