பொற்சுண்ணம் யாருடைய பாட்டு?

பிடித்த பாட்டு எதுவென்று யாராவது கேட்டால் நான் திருப்பொற்சுண்ணம் என்பேன். "உது செத்தவீட்டுப் பாட்டெல்லோ!" என்று முகம் சுளிப்பார்கள். அவர்களிலும் பிழையில்லை. யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் பிரேதம் முற்றத்தில் கிடக்கும்போதுதான் அந்தப் பாட்டு எழும்பும். உரலில் மஞ்சளும் அறுகும் போட்டு, கொள்ளி வைப்பவர் உலக்கை பிடித்து இடிப்பார். ஒருவர் திருவாசகத்தைப் பார்த்துப் பாடுவார். அந்த அழுகைக்குள் சொல் ஒன்றும் காதில் ஏறாது.

சகோதரிகளே, ஒருநாள் ஆறுதலாக இருந்து அதை வாசித்துப் பாருங்கள். மாணிக்கவாசகர் தில்லையில் பாடிய 20 பாட்டுக்கள் அவை. அங்கே பிரேதமும் இல்லை, ஒப்பாரியும் இல்லை. இறைவன் நீராடுவதற்கு வாசனைப் பொடி இடிக்கிறார்கள். இடிப்பவர்கள் முழுப்பேரும் பெண்கள்! உலக்கைக்குக் காசுமணி கட்டி, உரலுக்குப் பட்டுச் சுற்றி, ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டு, கைவளை குலுங்க இடிக்கிறார்கள். ஓரிடத்தில் உலகமே உரல், மேருமலை உலக்கை, உள்ளே போடும் மஞ்சள் மெய். காலனும் ஓரிடத்தில் வருகிறான், சிவனிடம் உதை வாங்குவதற்கு.

இப்படிப்பட்ட பாட்டில் உலக்கை எப்படி ஆண்களின் கைக்குப் போனதோ! எனக்கு அதில் கொஞ்சம் கோபம்தான்.

2009இல் வன்னியில் எத்தனையோ பேரைப் பதுங்குகுழிக்குள்ளேயே மூடிவிட்டு நடந்தோம். எங்கள் சின்னையாவையும் அப்படித்தான் விட்டுவந்தோம். சுண்ணம் இடிக்காமல் அனுப்பிவிட்டோமே என்று சின்னம்மா வருடக்கணக்காக மனம் நொந்து திரிந்தா. ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் பாட்டுக்குப் பாட்டு பொருள் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப நாங்களே இடிக்கலாமே, பிள்ளை?" என்றா. அடுத்த திவசத்துக்கு மஞ்சளைத் தன் கையாலேயே இடித்தா. நான் பாடினேன். ஒருவரும் தடுக்கவில்லை.

பக்கத்து வளவு அக்காவின் கதை வேறு. மகன் காணாமல் போனவன். செத்தான் என்று அவ ஒருநாளும் சொன்னதில்லை. இந்தப் பாட்டு எங்கேனும் கேட்டாலே எழும்பிப் போய்விடுவா. நான் வற்புறுத்தவில்லை. தொடக்கத்தில் வரும் பாட்டுக்களின் பொருளை மட்டும் சொன்னேன். முத்துமாலையும் பூமாலையும் தூக்குங்கள், தூபதீபம் வையுங்கள், நிலத்தை மெழுகுங்கள், கொடி எடுங்கள் என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்கிறார்கள்.

"ஆரோ வரப்போகினம் எண்டு வீட்டை ஆயத்தப்படுத்துகினம் போல," என்றா.

"ஓம் அக்கா. அப்படித்தான்."

கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த முதற்பாட்டைக் கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதித்தரச் சொன்னா. எழுதிக் கொடுத்தேன். பாடுகிறாவோ என்று நான் இன்னும் கேட்கவில்லை.