பெருக்குவதற்கு முன் எண்ணட்டும்

மொன்றியலில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு 'நாலரை' என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. நாலு அறை, குளியலறைக்கு அரை. ஆனால் ஒரு நாலரை விசாலமாக இருக்கும். அடுத்த தெரு நாலரையில் கட்டில் போட்டால் கதவு திறக்காது. ஏன் தெரியுமோ? அந்தக் கணக்கு அறைகளை எண்ணுகிறது, இடத்தை அளக்கவில்லை. இடத்தை அளக்க ஒரே அளவான சதுரங்கள் வேணும்.

இதைத்தான் எங்கட பிள்ளைகள் 3ஆம், 4ஆம் வகுப்புகளில் பிரெஞ்சில் 'ஏர்' என்று படிக்கினம். ஏர் என்றால் பரப்பளவு. முதலில் ஏதாவது ஒரு சதுரத்தை அலகாக வைத்து எண்ணுவார்கள். சதுர சென்ரிமீற்றர், சதுர மீற்றர் எல்லாம் 5ஆம், 6ஆம் வகுப்பில்தான்.

வீட்டுப்பாடத்தைக் கண்டதும் பெற்றோர் பலர் "நீளத்தை அகலத்தால் பெருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். விடை சரியாக வரும். ஆனால் படிக்கட்டு போல ஒரு வடிவம் வந்தால் பிள்ளை திகைத்து நிற்கும். சூத்திரம் தெரியும், எதை எண்ணுகிறோம் என்பது தெரியாது. அதனால் சூத்திரத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்து, இவற்றைச் செய்து பாருங்கோ.

குசினித் தரை: டைல்களை எண்ணச் சொல்லுங்கோ. ஒரு வரிசையில் 6, அப்படி 4 வரிசை, மொத்தம் 24. பெருக்கல் என்பது வேகமாக எண்ணுவதுதான் என்று பிள்ளைக்குத் தானாகவே விளங்கும்.

உள்ளங்கை: கட்டம் போட்ட தாளில் கையை வைத்து வரையட்டும். முழுக் கட்டங்களை எண்ணி, பாதிக்கு மேல் உள்ளதை ஒன்றாக எடுத்து, குறைந்ததை விட்டுவிடலாம். கைக்குச் சூத்திரம் கிடையாது. ஆனாலும் பரப்பளவு உண்டு.

24 சதுரங்கள்: காகிதத்தில் வெட்டி, 6க்கு 4, 8க்கு 3, 12க்கு 2 என்று அடுக்குங்கோ. பரப்பளவு மாறாது. சுற்றளவோ 20, 22, 28 என்று கூடிக்கொண்டே போகும். பிள்ளைகள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். வேலி போடச் சுற்றளவு, புல் பதிக்கப் பரப்பளவு என்று சொல்லிக்கொடுங்கோ.

ஒரு சதுர மீற்றர்: பழைய பேப்பர்களை ஒட்டிச் செய்யலாம். அதற்குள் எத்தனை சதுர சென்ரிமீற்றர்? 100 என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஒரு வரிசையிலேயே 100 இருக்கு. அப்படி 100 வரிசை. ஆகவே 10,000.

பாடம் பிரெஞ்சில் இருப்பதால் அம்மம்மா, அப்பப்பா ஒதுங்கி இருப்பார்கள். இந்தப் பாடத்தில் அவர்களிடமும் கேட்க விஷயம் இருக்கு. யாழ்ப்பாணத்தில் காணியின் அலகே 'பரப்பு'தான். 10 பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பேர்ச் என்பது பக்கம் 16½ அடி உள்ள சதுரம். கியூபெக்கின் பழைய காணி அளவான 'ஆர்ப்பான்' 100 சதுர 'பெர்ஷ்' கொண்டது. அந்தப் பெர்ஷ் 18 பிரெஞ்சு அடி. பேர்ச்சும் பெர்ஷும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். இரண்டுக்கும் பொருள் அளவுகோல்.

ஊர்க் காணி எத்தனை பரப்பு என்று இந்தக் கிழமை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ. பதில் கிடைத்ததும் அதைக் கட்டத்தாளில், ஒரு பேர்ச்சுக்கு ஒரு கட்டமாக, வரையட்டும்.