கட்டடக் கணக்கும் கணிப்பொறி முகவரும்

ரைன் நதியின் இரு கரைகளிலும் லௌஃபன்பர்க் என்னும் ஒரே பெயருடைய இரு சிறு நகரங்கள் உள்ளன. ஒன்று ஜெர்மனியைச் சேர்ந்தது. மற்றொன்று சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தது. இவற்றை இணைக்கும் புதிய பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்தபோது, 2003ஆம் ஆண்டில், இரு பக்கத்து மட்டமும் 54 சென்டிமீட்டர் வேறுபட்டிருப்பது தெரியவந்தது. ஜெர்மானியர் உயரத்தை வடகடல் மட்டத்திலிருந்து அளப்பர். சுவிஸ் நாட்டாரோ மத்தியதரைக் கடல் மட்டத்தை அடிப்படையாகக் கொள்வர். இவ்விரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம் உண்டென்பது முன்னமே அறிந்த செய்திதான். அதைச் சரிக்கட்டும் கணக்கில் கூட்டற் குறியும் கழித்தற் குறியும் இடம் மாறிவிட்டன. பிழை நீங்குவதற்கு மாறாக இரட்டித்துவிட்டது.

எண் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்லும்போது அதன் பொருளும் உடன் செல்ல வேண்டும் என்ற இப்பழைய கவலை, அண்மைக் காலத்தில் புதிய உருவில் வந்திருக்கிறது. பெரிய கட்டட வேலைகளின் வரைபடம், தினசரிக் குறிப்பு, சிமெண்டு வரவு, ஒப்பந்தக்காரரின் பில், பொறியாளரிடம் விளக்கம் கேட்கும் கடிதம் ஆகிய யாவும் இப்பொழுது கணிப்பொறியில் சேர்கின்றன. அமெரிக்காவில் 2002இல் தோன்றிய புரொகோர் என்ற நிறுவனத்தின் மென்பொருள் இத்துறையில் பேர்பெற்றது. "மூன்றாம் மாடித் தூணைப் பற்றிய கேள்விக்கு விடை வந்ததா?" என்று கேட்டால், இத்தகைய கிடங்கினுள் தேடிச் சொல்வதற்குச் செயற்கை நுண்ணறிவு முகவர்களை அமர்த்தத் தொடங்கியுள்ளனர்.

இம்முகவர் மென்பொருளின் உட்புறத்தைக் காண்பதில்லை. கருவிகளின் பட்டியல் ஒன்று அதற்கு அளிக்கப்படுகிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், சில வரி விளக்கம், எந்த விவரத்தை எந்த வடிவில் தர வேண்டும் என்ற அட்டவணை. இவ்வளவே அதன் கைக்கு வருவன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டகால்' என்ற பொது நெறியும் கருவிகளை இவ்வாறே விவரிக்கிறது. முகவர் அவ்வரிகளைப் படித்துக் கருவியைத் தேர்ந்து, விவரங்களை நிரப்பி அனுப்பும். மென்பொருள் அதனை நிறைவேற்றி விடையைத் திருப்பும். குறிப்பு மங்கலாயிருந்தால் மனிதர் பக்கத்து மேசைக்காரரைக் கேட்பார். ஓவர்சீயருக்குத் தொலைபேசியில் பேசுவார். முகவரோ பெரும்பாலும் ஊகித்து மேலே சென்றுவிடும். அதைவிடத் தொல்லை, ஊகத்தையும் உறுதியான குரலில் கூறிவிடும்.

புரொகோரில் விளக்கம் கேட்கும் கடிதங்களுக்கு 'பால் இன் கோர்ட்' என்றொரு கட்டம் உண்டு. பந்தாட்டத்திலிருந்து வந்த ஆங்கில வழக்கு அது. அடுத்துச் செயலாற்ற வேண்டியவர் யார் என்பதே பொருள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என் போன்றோர் இத்தகைய சொல்லைக் கண்டால் சற்றே பேனாவைக் கீழே வைத்துவிடுவோம். முகவருக்கு வழக்கு புரியாமற் போகாது. அக்கட்டத்தில் இருப்பது ஆளின் பெயரா, நிறுவனத்தின் பெயரா; ஒருவரா, பலரா; கடிதம் முடிந்தபின் கட்டம் வெறுமையாகுமா என்பனவே எழுதப்படாவிட்டால் அதற்குத் தெரியாதவை. அகராதி தரும் பொருள் வேறு. அலுவலகம் தரும் பொருள் வேறு அன்றோ?

இன்னொரு வகைப் பிழை ஓசையின்றி நேர்வது. விடை வராத கடிதங்கள் 140 இருப்பதாக வைத்துக்கொள்வோம். மென்பொருள் ஒரு தடவைக்கு 50 மட்டுமே தரும் என்றால், அதனைக் குறிப்பு சொல்லாதவிடத்து, "நிலுவை 50" என்று முகவர் அறிக்கை எழுதிவிடும். வெற்று விடையும் அவ்வாறே: கடிதம் இல்லை என்பது ஒன்று, பார்க்க அனுமதி இல்லை என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே மௌனத்தால் தெரிவிக்கும் மென்பொருளை நம்பி, கேள்வி ஒன்றும் நிலுவையில் இல்லையென்று கருதிக் கான்கிரீட் ஊற்றிவிட்டால் பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பிழைச் செய்தியும் ஆவணத்தின் பகுதியே. 'தவறான வேண்டுகோள்' என்று கூறுவதைவிட, 'தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தருக' என்று கூறினால் முகவர் தானே திருத்திக்கொள்ளும்.

அளவையும் அவ்வாறே வெளிப்படக் கூற வேண்டும். நீளம் என்று மட்டும் எழுதிவிட்டால் அடியா, மீட்டரா, மில்லிமீட்டரா? கட்டட மாதிரிகளைப் பரிமாறிக்கொள்ள உதவும் ஐ.எஃப்.சி. என்ற அனைத்துலகத் தர அமைப்பு, இன்ன அலகு என்பதைக் கோப்பினுள்ளேயே அறிவிக்க இடம் தந்திருக்கிறது.

படிக்கும் கருவி வேறு, எழுதும் கருவி வேறு என்பதைக் குறிப்பில் மறைக்கலாகாது. நம் மத்தியப் பொதுப்பணித் துறையின் அளவுப் புத்தகத்தில் எழுதியதை அழித்தல் ஆகாது. பிழையைக் கோடிட்டு அடித்து, திருத்தி, தேதியுடன் கையொப்பமிட வேண்டும். அவ்வளவின் பேரில் பணம் பட்டுவாடா ஆவதால் இக்கண்டிப்பு ஏற்பட்டது. ஒப்பந்தக்காரருக்குப் பணம் தாமதித்தால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி தாமதிக்கும் என்பதை, வெளி மாநிலங்களில் வேலைத்தலங்களை அண்டி வாழும் நம்மவர் நன்கு அறிவர். ஆகவே அளவை மாற்றும் கருவியின் குறிப்பில், இது பதிவை மாற்றும் என்பதும், பொறுப்புள்ள அலுவலரின் ஒப்புதலின்றி இதனை இயக்கலாகாது என்பதும் முதல் வரியிலேயே இருத்தல் நலம். அங்ஙனம் எழுதுவது மட்டும் போதாது. ஒப்புதல் இல்லாத வேண்டுகோளை மென்பொருளே மறுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் எழுதுவோர் நிரல் எழுதுபவராக மட்டும் இருந்தால், 'தினக்குறிப்பைப் பெறும் கருவி' என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடக்கூடும். வேலைத்தலத்து மேற்பார்வையாளரையும் உடன் அமர்த்தினால் அதே குறிப்பு இவ்வாறு அமையும்: "ஒரு வேலைத்தலத்தின் ஒரு நாளைய குறிப்பைத் தரும், எதையும் மாற்றாது. தேதி தராவிட்டால் இன்றைய குறிப்பே வரும். ஆள் எண்ணிக்கை ஒப்பந்தக்காரர் எழுதியது, சரிபார்க்கப்பட்டதன்று. கூலிக் கணக்குக்கு இதனைப் பயன்படுத்த வேண்டாம், வருகைப் பதிவுக் கருவியை அழைக்கவும்."