புள்ளி விவரமும் நமது வாலிபர்களும்

பட்டம் பெற்று வெளிவரும் நமது வாலிபர்களிற் பலர் இப்போது ‘டேட்டா அனலிஸ்ட்’ உத்தியோகத்தை நாடிச் செல்கின்றனர். ஜீவனத்திற்கு வழி தேடுவது குற்றமன்று. ஆனால் கம்பெனிகள் கொடுக்கும் சம்பளத்தை விசாரிப்பவர்கள், அந்த வித்தையின் தன்மையையும் பொறுப்பையும் விசாரியாதிருப்பது உசிதமாகாது.

புள்ளி விவரம் நமது தேச சரித்திரத்தில் பேருதவி புரிந்ததொரு சாஸ்திரம். இந்தியா செழித்து வருகிறதென்று அதிகாரிகள் பேசிய காலத்தில், இந்தியன் ஒருவனின் சராசரி வருஷ வருமானம் 20 ரூபாய்தான் என்று சர்க்கார் கணக்குகளைக் கொண்டே தாதாபாய் நௌரோஜி கணித்துக் காட்டினார். தஞ்சையிற் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, 1929-30-ல் குஜராத் வித்யாபீட மாணவர்களுடன் மாத்தர் தாலூகாவின் கிராமங்களில் விவரம் திரட்டி, குடியானவனுடைய வரவு செலவை உலகறியச் செய்தார். வெறும் ஆவேசத்தால் ஆகாத காரியத்தை இலக்கங்கள் செய்தன.

இந்த வித்தைக்குக் கணிதம் மட்டும் போதாது. உலக ஞானமும் வேண்டும். 1947-ல் டில்லிக் கலவரத்தின்போது செங்கோட்டையில் அடைக்கலம் புகுந்தோருக்கு உணவளித்த கண்டிராக்டர்கள் பெருந்தொகை கேட்டனர். உள்ளே சென்று தலை எண்ணுவதோ சாத்தியமாயில்லை. கணித நிபுணர்கள் என் செய்தனர்? கோட்டைக்குள் சென்ற அரிசி, பருப்பு, உப்பு ஆகியவற்றின் அளவைக் கேட்டு, தலைக்கு இவ்வளவு செலவாகும் என்று வகுத்துப் பார்த்தனர். அரிசிக் கணக்கு மிக அதிகமான ஜனத்தொகையைக் காட்டிற்று. உப்புக் கணக்கு மிகக் குறைவானதைக் காட்டிற்று. உப்பு மலிவானது, அதிற் பொய்க் கணக்கெழுதி ஆதாயம் அடைவார் இல்லை. ஆதலின் உப்பையே நம்பினர். எவ்விவரத்தையும் கையிலெடுக்குமுன், ‘இதை எழுதியவருக்கு இதனால் என்ன லாபம்?’ என்று கேட்கத் தெரிந்தவனே புள்ளி விவர நிபுணன்.

இதற்குப் பயிற்சி யாது? சில மாதங்களில் நிபுணராக்குவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்பி வாலிபர்கள் பணத்தை இழக்க வேண்டா. நிகழ்தகவும், மாதிரி எடுக்கும் முறையும் அஸ்திவாரம். கம்ப்யூட்டர் அதன் மேலெழும் சுவர். மஹலநோபிஸ் 1931-ல் கல்கத்தாவில் தோற்றுவித்த இந்தியப் புள்ளியியல் ஸ்தாபனம் உலகப் புகழ் பெற்றது. வேறு உத்தியோகம் தேடிக் கல்கத்தா சென்று ஏமாற்றமடைந்த ஸி. ஆர். ராவ், 1941-ல் அங்கே மாணவராகச் சேர்ந்தார். 1945-ல் அவர் வெளியிட்ட கட்டுரையை இன்றும் உலகெங்கும் பயில்கின்றனர். புள்ளியியலை ஒரு பாடமாகக் கொண்டு பட்டம் பெற்றவர்கள், 1961-ல் அமைக்கப்பட்ட இந்தியப் புள்ளியியல் ஸர்வீஸ் பரீக்ஷையும் எழுதலாம்.

சர்க்கார் உத்தியோகத்திற் சம்பளம் குறைவு என்பார்கள். பெரிய கம்பெனிகளோடு ஒப்பிட்டால் அது மெய்யாக இருக்கலாம். ஆயின் ஒன்று யோசிக்க வேண்டும். 2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மலிவு விலைத் தானியம் பெறுவோரின் தொகை, 2011-ம் வருஷ ஜனத்தொகைக் கணக்கைக் கொண்டு நிர்ணயிக்கப்பட்டது. 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு உரிய காலத்தில் எடுக்கப்படவில்லை. கணக்கு பழசானால், புதிதாய்ப் பிறந்த ஏழையின் வயிறு கணக்கில் ஏறாது.

எஜமானன் கம்பெனியாயினும் சர்க்காராயினும், அவன் விரும்பாத இலக்கத்தையும் அஞ்சாது எழுதுவதே இத்தொழிலின் தர்மம். அத்தகைய வாலிபர்கள் தேசத்திற்குத் தேவை. கணிதத்தில் ருசியும் நெஞ்சில் உரமும் உள்ளவர்கள் முன்வருவார்களாக.